போட்டுக்கு எர்த் அடித்த கதை

விளங்காத விஷயத்துக்குத் தலையாட்டுவது ஒரு வியாதி. அது பரம்பரையாகவும் வரும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. (அம்மா சொல்வார்: "உங்கட அப்பா தலையாட்டித்தான் என்னக் கட்டினவர். பொண்ணு பாக்க வந்த இடத்தில என்ன கேட்டாலும் ஆட்டினவர்.") அப்பா தலையாட்டியதால் ஒரு கல்யாணம் நடந்தது. நான் தலையாட்டியதால் மட்டக்களப்பு வாவியில், பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு புத்தம்புது போட் தாழ்ந்து மூழ்கிப்போனது.

யுத்த காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது ரேடியோ சிவம் என்று பெயர். டவுனில் ஒரு கடையின் பின்பக்கத்தில் ரேடியோவும் கசெட் பிளேயரும் திருத்திக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு கோர்ஸ் முடித்து, அதன் சேர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் காலையில் தலை வாருவேன். அப்படி ஒரு நம்பிக்கை என்மேல் எனக்கு.

எனக்கு ஒரே ஒரு அக்கா, புவனம். உன்னிச்சையில் கல்யாணம் கட்டிப் போயிருந்தாள். அத்தானுக்கு அங்கே வட்டைவெளியில் வயல். உன்னிச்சை இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி கிழக்கே, எங்கள் பக்கத்தில். பகலில் எப்படியாவது துறைக்கு வந்து, சோதனைக்கு நின்று, கடந்துவிடலாம். இருட்டிவிட்டால் வாவியில் எதுவும் ஓடக்கூடாது. ஓடினால் காவலில் நிற்கும் இராணுவத்தார் சுடுவார்கள். அக்காவின் முதல் பிள்ளை அப்படித்தான் போனது. வலி வந்து, உழவு மெஷினில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்து, விடியும்வரை கரையிலேயே கிடத்தி வைத்திருந்தார்கள். விடிந்தபோது பிள்ளை உயிரோடில்லை. அதற்குமேல் அதை எழுத எனக்கு ஏலாது.

நான் சொல்லும் கதை நடந்தபோது அக்கா மறுபடி ஏழு மாதம். அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு நிவாரண நிறுவனம், அவசர நோயாளிகளை இரவிலும் ஏற்றி இறக்க ஒரு ஃபைபர் போட் கொண்டுவந்தது. வாவியின் இரண்டு பக்கத்துக்காரரும், படுவான்கரையை வைத்திருந்த இயக்கப் போராளிகளும் இந்தக் கரையை வைத்திருந்த இராணுவமும், சம்மதிக்கவேண்டும். அந்தப் பக்கம் சம்மதித்தது. இந்தப் பக்கத்துக் கப்டன் ஒரு நிபந்தனை போட்டார்: போட்டில் ரேடியோ வேண்டும். நடு வாவியில் வைத்து அது பேசவேண்டும். பேசினால் யார் வருகிறார்கள் என்று காவலில் நிற்பவனுக்குத் தெரியும், சுடமாட்டான். பேசாவிட்டால் போட்டே வேண்டாம்.

அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். அந்த ரேடியோவைப் பூட்டுவதற்கு டவுனிலேயே சிறந்த ஆளைத் தேடினார்கள். கிடைக்கவில்லைபோல, என்னைக் கூப்பிட்டார்கள்.

நிறுவனத்தின் எஞ்சினியர் எரிக் என்ற வெள்ளைக்காரர். நல்ல மனிதர். வெயிலில் இறால்போலச் சிவந்துபோயிருப்பார். முதல் நாளே என்னைப் போட் அருகே நிறுத்தி விளக்கத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலம் மூக்கால் வந்து, பாதியில் தொண்டைக்குள் திரும்பிப் போகும் ஆங்கிலம். அதில் எனக்கு முதலாவதாக விளங்கியது இதுதான்: அவர் தன் ஊரில், தன் வீட்டில் கார் விடும் கறாஜுக்குள், ஃபைபரில் சொந்தமாக ஒரு பிளேன் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு பேர் ஏறிப் பறக்கலாம்.

(பக்கத்தில் நின்ற போட் ஓட்டி மரியதாஸ் அண்ணனுக்கு நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "நம்மட ஊரில மனுசனுக்கு ஒரு கக்கூஸ் கட்டவே பெர்மிட் எடுக்க ஏலாமக் கிடக்கு" என்றார்.)

அந்தப் பிளேனில் எரிக் கண்ட அனுபவத்தைத்தான் போட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஃபைபர் உடம்பில் உலோகம் இல்லை. அன்ரனா மேலே நின்றால் மட்டும் போதாது. அதன் காலடியில் ஒரு உலோகப் பரப்பு விரிந்திருக்கவேண்டும். இரும்பால் செய்த வண்டியென்றால் அந்த உடம்பே பரப்பாகிவிடும். ஃபைபரில் அதை நாமே செய்து வைக்கவேண்டும். தன் பிளேனில் அவர் செப்புத் தகட்டுப் பட்டிகளை உள்பக்கமாக ஒட்டியிருந்தாராம். இதையெல்லாம் அவர் அரை மணித்தியாலம் சொன்னார்.

நான் கேட்கவில்லை. என் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. கறாஜுக்குள் பிளேனைச் செய்து முடித்தால், அதை எந்தக் கதவால் வெளியே எடுப்பது? செட்டை இரண்டும் இடிக்குமே? அந்த மனிதரின் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாளா? இப்படி நான் யோசிக்க யோசிக்க, தலை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியாக அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, போட்டின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு படம் கீறினார். நட்டுக்குத்தாக ஒரு கோடு. அதன் அடியிலிருந்து விரிந்து போகும் நாலு கோடு. ஒரு சுருள் செப்புத் தகட்டுப் பட்டியைக் கையில் தந்தார். விளங்கியதா என்று கேட்டார்.

"யெஸ், யெஸ்" என்றேன். அவர் அன்றே கொழும்புக்குப் போய்விட்டார்.

நானும் மரியதாஸ் அண்ணனும் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம்.

"என்ன தம்பி இது? மரமா?" என்று கேட்டார் அவர்.

அப்படிக் கேட்டதும் எனக்கு எல்லாம் வெளித்தது. மரம்தான்! மேலே போவது அன்ரனா. கீழே போவது வேர். (அவர் மேலிருந்து சரிவாகப் பார்க்கிற மாதிரிக் கீறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். படுக்கவேண்டிய நாலு பட்டியும் எனக்குக் கீழே இறங்கிவிட்டன.)

"அண்ணன், இது எர்த்" என்றேன்.

இந்த எர்த் விஷயத்தில் நான் சும்மா ஆள் இல்லை. என் அப்பா வீடுகளுக்கு வயரிங் செய்தவர். வீட்டுக் கோடியில் ஒரு குழி தோண்டி, செப்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் மாறிமாறிப் போட்டு மூடுவார். பிறகு வீட்டுக்காரப் பெண்களைக் கூப்பிட்டு, "புள்ள, துளசிக்கு ஊத்துறமாதிரி இதுக்கும் தண்ணி ஊத்தோணும்" என்பார். எர்த் இல்லாமல் அவர் ஒரு பல்பும் எரியவிட்டதில்லை. ஆகவே ரேடியோவுக்கும் எர்த் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. போட்டுக்கு நிலம் எங்கே இருக்கிறது?

"தண்ணிதான் அதுக்கு நிலம்" என்றார் மரியதாஸ் அண்ணன்.

அவருக்கு இந்த எண்ணம் மிகவும் பிடித்துப்போனது, அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய சித்தப்பா ஒருவர் மாரியில் வாவிக்கு நடுவே இடி விழுந்து செத்தவர். ஒரு நீளக் கம்பியை மேலே நட்டுக்கொண்டு எர்த் இல்லாமல் வாவிக்குள் போகமாட்டேன் என்று மரியதாஸ் அண்ணன் முதல் நாளே முரண்டு பிடித்தவர்.

அப்படியாக, நூற்றுக்கு நூறு மனச்சாட்சியோடு, நான் ஒரு புதுப் போட்டின் அடியில் நாலு ஓட்டை போட்டேன்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு செப்பு போல்ட். ஒழுகாமலிருக்க சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர். போல்டிலிருந்து அன்ரனாக் கேபிளின் வெளிப்பின்னலுக்கு வயர். எல்லாம் முடிந்தபிறகு மரியதாஸ் அண்ணன் நாடியைத் தடவினார்.

"கரி?"

"கரி போடோணும்தான்."

"உப்பு?"

"வாவியில உப்புக்குப் பஞ்சமா அண்ணன்?"

எனவே கரி மட்டும் போட்டோம். நாலு சின்னச் சாக்கில் கரியை நிரப்பி, போட்டின் அடியில், போல்டுக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டோம். எரிக் தந்துவிட்டுப் போன செப்புப் பட்டி எதற்கென்று எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. நல்ல மினுக்கமாக இருந்தது. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டின் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டேன். வெயிலில் அது சேலைக்கரை மாதிரி மின்னியது. பார்த்தவர்கள் எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றார்கள்.

பரீட்சை நாள் வந்தது. கரையில் இருந்த நிறுவன அலுவலகத்தில் பேஸ் ரேடியோ. அதன் முன்னால் கப்டன் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். துறையில் சனம். அம்மா வெள்ளிக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். நான் போட்டில் ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

"மனே, பேசிரும்தானே?"

"பேசும் அம்மா."

"அக்காட உசிர் அதுக்குள்ளதான் இரிக்கி."

நான் தலையாட்டினேன்.

போட்டில் மூன்று பேர். மரியதாஸ் அண்ணன் எஞ்சினில். நான் முன்னுக்கு, ரேடியோவும் கார் பெற்றரியும் வைத்த பலகையில். நடுவில் கனகம்மா மிஸ்ஸி. படுவான்கரைப் பக்கம் பாதிப் பிள்ளைகளைப் பிறப்பித்த மருத்துவமாது அவர். ஆள் நல்ல கனம். நீந்தத் தெரியாது. இரவில் நோயாளியோடு அவர்தான் வரவேண்டியவர் என்பதால், போட் எப்படியென்று பார்க்க வந்திருந்தார்.

நடு வாவிக்குப் போனோம். எஞ்சினை நிறுத்தினோம். நான் மைக்கை எடுத்து, கொழும்பில் படித்த குரலில், "பேஸ், பேஸ், இது போட். கேக்குதா? ஓவர்" என்றேன்.

கொர்ர்ர்.

மறுபடி சொன்னேன். மறுபடி கொர்ர்ர். அதற்குள் எங்கேயோ கிணற்றுக்கு அடியிலிருந்து கப்டனின் குரல், "ரிப்பீட்... ரிப்பீட்..." என்றது. நான் அன்ரனாவைத் திருகினேன். வயரை இழுத்தேன். பெற்றரியைத் தட்டினேன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வேர் இருக்கிறது, கரி இருக்கிறது, உப்பு வாவி நிறைய இருக்கிறது. மரம் ஏன் காய்க்கமாட்டேன் என்கிறது?

"எர்த் காணாது போல" என்றார் மரியதாஸ் அண்ணன்.

"கொஞ்சம் அங்கால போவம். ஆழம் வேற மாதிரி இரிக்கும்" என்றேன். (இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.)

அவர் எஞ்சினை இழுத்தார். போட் பாய்ந்தது. பத்துப் பாகத் தூரம்கூடப் போயிருக்கமாட்டோம், கீழே தொங்கிய கரிச்சாக்கு ஒன்று யாரோ நட்டுவைத்திருந்த இறால் வலைக் கம்பில் மாட்டியது. போட் நிற்கவில்லை. சாக்கும் விடவில்லை. "டொக்" என்று ஒரு சத்தம். போல்ட் வாஷரோடு கழன்று போனது. அது போன அதிர்ச்சியில் மற்ற மூன்றும் ஆட்டம் கண்டன.

முதலில் கண்டவர் மிஸ்ஸி.

"தம்பி, என்ட காலெல்லாம் நனையுது."

"அது சும்மா தெறிச்ச தண்ணி மிஸ்ஸி."

"தெறிச்ச தண்ணி முழங்காலுக்கு வருமா கா?"

குனிந்து பார்த்தேன். போட்டுக்குள் வாவி ஏறிக்கொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணன் ஒரு பால்மாப் பேணியால் அள்ளி ஊற்றினார். ஓர் ஓட்டையில் நான் உடுத்திருந்த சாரத்தின் ஒரு முனையைச் செருகினேன். அந்த ஓட்டை அடைந்தது. நான் அதோடு கட்டுண்டு போனேன். எழும்பவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. மிஸ்ஸி ரேடியோவையும் பெற்றரியையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினையோ புள்ளத்தாச்சிக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சதக் கண்டிரிக்கன்" என்றார். "போட்டுக்கு உடைஞ்சத இண்டைக்குத்தான் காணுறன்."

அப்போதுதான் அது நடந்தது. ரேடியோவின் கொர்ர் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தண்ணீர் ஏற ஏறக் குறைந்தது. பிறகு, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் கதைப்பதுபோல, கப்டனின் குரல் தெளிவாக வந்தது.

"போட், போட், இப்ப நல்லா கேக்குது. நீங்க எங்க? ஓவர்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சாரம் ஓட்டைக்குள், தண்ணீர் இடுப்பில், நான் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்.

"நடு வாவியில, ஓவர்!"

"நல்லம். எப்பிடி இருக்கு? ஓவர்."

"தாழுறம், ஓவர்!"

"நல்லம், நல்லம். சத்தம் ரொம்பக் கிளியர்."

கப்டனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் 'தாழுறம்' என்ற சொல் இருக்கவில்லை. மிஸ்ஸி என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார். "மாத்தயா, போட்டுவ கிலெனவா!" என்று சிங்களத்தில் ஒரு கத்துக் கத்தினார். போட் தாழுகிறதென்று அதற்கு அர்த்தம். அந்தக் குரலுக்கு ரேடியோவே தேவைப்பட்டிருக்காது என்று துறையில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

நல்லவேளை, அந்த இடத்தில் வாவி ஆழமில்லை. போட் சேற்றில் போய் மெதுவாகக் குந்தியது. தண்ணீர் நெஞ்சளவு. மிஸ்ஸி ரேடியோவைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையிலிருந்து அசையமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். மீன்பிடிக்கிற தோணிகள் வந்து எங்களை ஏற்றின. என் சாரம் போட்டோடு தங்கிவிட்டது. ஒரு தோணிக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்துத் தந்தார். அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் கரை ஏறினேன்.

கப்டன் துறைக்கு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் சோல்ஜர்மார் இருவர், தோணிக்காரர் வலைக் கம்பிலிருந்து எடுத்துவந்த ஒரு கரிச்சாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த நாளில் ஒரு முழம் வயருக்கே ஆளைக் கொண்டுபோய் விசாரிப்பார்கள்.

"இது என்ன?" என்று சாக்கைக் காட்டினார்.

"கரி சேர்."

"கரி ஏன்? சமையலா?"

"எர்த்துக்கு சேர்."

அவர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். என் தலைப்பாகைக் கட்டைப் பார்த்தார். அம்மா ஒரு பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். போச்சு, அக்காவுக்கு இனிப் போட் இல்லை, மறுபடியும் அந்தக் கரையில் அவள் கிடக்கப்போகிறாள், எல்லாம் என் தலையாட்டலால் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டுப்போய் எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

கப்டனுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். "போட் கீழ போனாலும் ரேடியோ கதைக்குது" என்றார். "எனக்கு ரேடியோதான் வேணும். பாஸ். போட்ட மட்டும் கொஞ்சம் மேல வைங்க."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அதே கையால் தன் சேலைத் தலைப்பை எடுத்து என் தலையைத் துவட்டினார்.

எரிக் திரும்பி வந்தபோது, கரையில் கவிழ்த்து வைத்த போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓட்டைகளைப் பார்த்தார். விளிம்பில் மின்னிய செப்புப் பட்டியைத் தடவிப் பார்த்தார். ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தலையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு, "சேர், எனக்கு ஒண்டும் விளங்கல்ல" என்றேன்.

அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார். போட் நிறைய உப்புத்தண்ணீர் ஏறி அன்ரனாவின் காலடியில் பரவியதால், அந்தத் தண்ணீரே உலோகப் பரப்பின் வேலையைச் செய்துவிட்டதாம். நான் கட்டிய எதுவும் வேலை செய்யவில்லை. நான் தாழ்த்தியதுதான் வேலை செய்தது. ஓட்டைகளை ஃபைபரால் அடைத்தோம். புதுச் செப்புப் பட்டிகளை முன்தட்டின் அடியில், உள்பக்கமாக, நாலு திசைக்கும் படுக்க ஒட்டினோம். ரேடியோ வறண்ட போட்டிலேயே பேசியது. அப்போதுதான் தைரியம் வந்து, கறாஜிலிருந்து பிளேனை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஒரு சுவரை இடிக்கவேண்டுமாம். அதை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லையாம்.

அக்காவுக்கு வலி வந்தது ஓர் இரவில். மரியதாஸ் அண்ணன் ஓட்ட, மிஸ்ஸி பக்கத்தில் இருக்க, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "நடு வாவி, ஓவர்" என்று சொன்னேன். "வாங்க, ஓவர்" என்று கரையிலிருந்து பதில் வந்தது. யாரும் சுடவில்லை. வலிக்கு நடுவிலும் அக்கா ஒரு கையால் போட்டின் அடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஈரமா என்று. வாணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் டெலிபோன் கொர்ர் என்றால் யாரும் "ஹலோ ஹலோ" என்று கத்துவதில்லை. "கொஞ்சம் தாழு" என்பார்கள். வாணி பேசப் பழகிய நாளிலிருந்து, "மாமா, கேக்கல்ல, கொஞ்சம் தாழுங்க" என்றுதான் சொல்வாள். வெளிநாட்டுக்குக் கல்யாணம் கட்டிப் போனபிறகும் அப்படித்தான். அவளுடைய புருஷனுக்கு இது எங்கள் ஊர் மரியாதைப் பேச்சு என்று நினைப்பு. அவரும் எனக்கு அப்படியே சொல்கிறார்.

போன மாதம் ஏறாவூர்ச் சந்தையில் ஒரு முஸ்லிம் காக்காவிடம் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. வாணியின் பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்குப் போயிருந்த அக்கா. "தம்பி... புள்ள..." என்றாள். அதற்குமேல் கொர்ர்ர்.

"அக்கா! புள்ளைக்கு என்ன?"

கொர்ர்ர். அந்தப் பழைய கரை கண்ணுக்குள் வந்து நின்றது. அக்காவின் குரல் ஒரு கணம் வந்தது. "தம்பி, கேக்கல்ல... கொஞ்சம் தாழு!"

அறுபது வயதை எட்டப்போகிற மனிதன், முழங்கால் நோவுக்கு மருந்து குடிக்கிறவன், யோசிக்காமல் அந்த இடத்திலேயே, மீன் கழுவி ஊற்றிய தண்ணீருக்குள், சாரத்தோடு குந்திவிட்டேன்.

"பொம்பளப் புள்ள!" என்றது அக்காவின் குரல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல. "தாயும் புள்ளையும் சுகமா இரிக்காங்க. ஓவர்."

மீன்காரக் காக்கா தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன சிவம், தலை சுத்துதா?"

"இல்ல காக்கா," என்றேன், "இஞ்சதான் கிளியர்."